வழி காட்டும் பக்கமும் வழி மறைக்கும் பக்கமும்

சாம்பியன் ரீப்ஸ் லைன் வீடுகளில் ஒரு பிள்ளைக்கு வேலை கிடைத்துவிட்டால், அது என்ன வேலை என்று அண்டை அயலார் கேட்பது பழைய வழக்கம். நம் பாட்டனார் காலத்தில் அதற்கு விடை கூறுவது எளிது. சுரங்கத்தின் கீழேயா, மேலேயா என்ற ஒரே கேள்வியில் பேச்சு முடிந்துவிடும். இன்று அவ்வாறில்லை. நம் லைனைச் சேர்ந்த ஒரு தாயார், தம் மகளின் உத்தியோகத்தைப் பற்றி யார் கேட்டாலும், "பெங்களூரில் ஒரு படிப்புக் கம்பெனியில் ஏதோ படம் போடுகிறாள்" என்று கூறிவிட்டுப் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவார். மகளுக்கு அதில் வருத்தம். "நான் படம் போடவில்லை, அண்ணா. ஆனால் என்ன செய்கிறேன் என்று அம்மாவுக்கு விளக்கவும் தெரியவில்லை" என்று மாரிக்குப்பம் வண்டியில் ஒருநாள் அந்தத் தங்கை நம்மிடம் கூறினாள்.

விளக்கும் பொறுப்பை நாம் ஏற்றுக்கொண்டோம். அதற்காக இரண்டு வாரம் அவளுடைய பெட்டியிலேயே ஏறி, போக வர அவளைக் கேள்வி கேட்டோம். கேட்டறிந்தவற்றை இத்திங்கள் வாசகர்முன் வைக்கிறோம். அந்த ஒரு தாயாருக்கு மட்டும் உரிய செய்தியன்று இது. கைப்பேசியில் பிள்ளைகளுக்குப் பாடம் வாங்கும் ஒவ்வொரு குடும்பமும் அறிய வேண்டுவது.

அவள் வகிக்கும் பதவிக்கு 'யூ.எக்ஸ். டிசைனர்' என்று பெயர். தமிழில் பயனர் அனுபவ வடிவமைப்பாளர் என்கிறார்கள். பெயர் நீண்டிருப்பினும் பொருள் எளிது. ஓர் இணையதளத்துக்கு வருகிறவர், தாம் வந்த காரியத்தை இடர்ப்பாடின்றி முடித்துக்கொண்டு செல்ல வழி அமைப்பதே அவ்வேலை. நிறம் தீட்டுவதும் எழுத்தை அழகுபடுத்துவதும் அதில் ஒரு பகுதியே. 1993-இல் ஆப்பிள் நிறுவனத்தில் சேர்ந்த டொனால்ட் நார்மன் என்னும் உளவியல் அறிஞர், தம் பதவிப் பெயரிலேயே 'பயனர் அனுபவம்' என்ற தொடரைச் சேர்த்துக்கொண்டார். அதன் பின்னரே அது உலகெங்கும் பரவியது. அதற்கு ஐந்தாண்டுகள் முன்னர், 1988-இல், அவர் வெளியிட்ட நூலின் சாரத்தை ஒரு வாக்கியத்தில் கூறிவிடலாம். கதவைத் தள்ளுவதா இழுப்பதா என்று தெரியாமல் ஒருவர் தடுமாறினால், பிழை அவருடையதன்று, கதவை அமைத்தவருடையது.

இதைக் கேட்டபோது நமக்கு நம் முன்பதிவுச் சாளரம் நினைவுக்கு வந்தது. ரயில்வே முன்பதிவுப் படிவத்தில் பயணத் தேதிக்கு ஒரு கட்டம் இருக்கிறது. அதில் பயணத் தேதிக்குப் பதிலாக அன்றைய தேதியை எழுதிக் கொடுப்போர் நாள்தோறும் உண்டு. கன்னடமும் இந்தியும் ஆங்கிலமும் அச்சிட்ட அத்தாளைக் கையில் வாங்கிக்கொண்டு, தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த ஒரு முதியவர், பின்னால் நிற்பவர் முகத்தைப் பார்ப்பார். "ஐயா, சிறிது எழுதிக் கொடுங்கள்" என்று கேட்கும்போது அவர் குரல் தாழ்ந்துவிடும். வேலையில் சேர்ந்த புதிதில், பலர் ஒரே கட்டத்தில் தவறுவதைக் கண்டு, இவர்கள் ஏன் படித்துப் பார்ப்பதில்லை என்று நாமும் சலித்துக்கொண்டதுண்டு. நூறு பேர் ஒரே கட்டத்தில் தவறினால் அந்தக் கட்டத்தைத்தான் ஐயுற வேண்டும் என்பது அந்நாளில் நமக்குத் தோன்றவில்லை.

தங்கை சேர்ந்த கம்பெனி சிறியது. பள்ளி மாணவர்க்குக் கணிதமும் அறிவியலும் கைப்பேசி வழியே கற்பிப்பது. இத்தகைய புதுத் தொழிலகங்களை ஸ்டார்ட்அப் என்கிறார்கள். அங்கே பொறியாளர் இருந்தனர், பாடம் எடுப்போர் இருந்தனர், விற்பனையாளர் இருந்தனர். வடிவமைப்பாளர் ஒருவரும் இல்லை. இவளே முதல் ஆள். முதல் ஆளாயிருப்பதில் ஒரு பெருமை உண்டு; ஒரு தனிமையும் உண்டு. முன்னர் செய்தவரைக் கேட்போம் என்றால் முன்னர் செய்தவர் இல்லை.

அந்த இணையதளம் எவ்வாறிருந்தது என்பதை நம் ஊர் உவமையால் கூறலாம். லைன் வீடுகளில் குடும்பம் பெருகப் பெருக, முன்புறம் ஒரு தாழ்வாரம், பின்புறம் ஒரு சமையலறை, பக்கத்தில் ஒரு கூரை என்று ஒட்டுப்போட்டுக் கட்டுகிறோம் அல்லவா? அதுபோல அவரவர் தேவைக்கேற்ப ஒவ்வொரு பக்கத்தை ஒட்டி வைத்திருந்தனர். முகப்பில் சிரிக்கும் குழந்தைகளின் பெரிய படம். அதன்கீழ்க் கம்பெனி பெற்ற பாராட்டுகள். அதன்கீழ் முதலீடு செய்தோரின் சின்னங்கள். ஓரத்தில், சலுகை முடிய இன்னும் பத்து நிமிடம் என்று ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கடிகாரம். எந்த வகுப்புக்குப் பாடம் உண்டு என்பதை அறிய நான்கு இடங்களில் அழுத்த வேண்டும். கட்டணம் எங்கும் இல்லை. தொலைபேசி எண்ணைக் கொடுத்தால் அவர்களே அழைத்துச் சொல்வார்கள்.

ஆறு வாரத்தில் இதைப் புதிதாக்கித் தர வேண்டும் என்பது கட்டளை. தங்கை முதல் இரண்டு வாரம் ஒரு கோடும் வரையவில்லை. வாடிக்கையாளரின் தொலைபேசிக்குப் பதில் கூறும் ஊழியர்களின் அருகே நாற்காலியைப் போட்டுக்கொண்டு, பெற்றோர் என்ன கேட்கிறார்கள் என்பதைக் குறிப்பேட்டில் எழுதிவந்தாள். வந்த அழைப்புகளில் பெரும்பாலானவை நான்கே கேள்விகளில் அடங்கிவிட்டன. எந்த வகுப்புக்கு? எந்த மொழியில்? எவ்வளவு பணம்? வேண்டாமென்றால் நிறுத்துவது எப்படி? முகப்புப் பக்கமோ இந்நான்கில் ஒன்றுக்கும் விடை கூறவில்லை.

அடுத்து, உண்மையான மனிதரை அமர்த்திச் சோதிப்பது. ஐந்து பேரை வைத்துச் சோதித்தாலே ஒரு தளத்தின் குறைகளில் சுமார் 85 விழுக்காடு வெளிப்பட்டுவிடும் என்று ஜேக்கப் நீல்சன் என்பார் 2000-இல் எழுதினார். ஐந்து பேர் போதுமா என்பதில் இன்றளவும் வாதம் உண்டு. ஒருவரையும் கேளாமல் அமைப்பதைவிட ஐவரைக் கேட்டு அமைப்பது மேல் என்பதில் வாதமில்லை. இச்சோதனைக்கு ஒரு விதி இருக்கிறது. செய்ய வேண்டிய காரியத்தைச் சொல்லிவிட்டு, சோதிப்பவர் வாய் மூடியிருக்க வேண்டும். வழி காட்டக் கூடாது. முகக்குறிப்பும் கூடாது.

ஐவரில் ஒருவராகத் தன் தாயையே அவள் தேர்ந்தெடுத்தாள். அந்த அம்மையார் தமிழில் எட்டாம் வகுப்பு வரை படித்தவர். ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டிப் படிப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சமையல் முடிந்த பின்னர், கைப்பேசியை அவர் கையில் கொடுத்து, "ஏழாம் வகுப்புக் கணக்குப் பாடத்துக்கு மாதம் எவ்வளவு பணம் என்று பார்த்துச் சொல்லம்மா" என்றாள். தாயார் முதலில் குழந்தையின் படத்தை அழுத்தினார். அது பொத்தான் போலவே இருந்ததாம். ஒன்றும் நிகழவில்லை. மறுபடியும் அழுத்தினார். பிறகு சிவப்பாயிருந்த ஒன்றை அழுத்தினார். தொலைபேசி எண் கேட்டது, கொடுத்தார். பக்கத்தை விட்டு வெளியேறுமுன்னரே மணி அடித்தது. மறுமுனையில் ஒருவர் விரைந்து விரைந்து ஆங்கிலத்தில் பேசினார். தாயார் திடுக்கிட்டுக் கைப்பேசியை மகளிடம் நீட்டி, "எனக்கு இவ்வளவு படிப்புப் போதாதம்மா. படித்தவர்கள் யாரிடமாவது கேள்" என்றார்.

"அதைக் குறிப்பேட்டில் எழுத எனக்குக் கை வரவில்லை, அண்ணா" என்று தங்கை கூறினாள். வண்டி அப்போது பங்காருப்பேட்டையில் நின்றிருந்தது. நாமும் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை.

ஆனால் மறுநாள் அவள் அதை எழுதினாள். ஐவரில் மற்றொருவர் வணிகவியல் பட்டதாரி. ஓர் அலுவலகத்தில் கணக்கர். அவரும் அதே படத்தை அழுத்தினார். அதே சிவப்புப் பொத்தானில் போய் நின்றார். அவர் தம் படிப்பைக் குறைகூறவில்லை. இந்தத் தளம் சரியில்லை என்று எரிச்சலோடு கூறிவிட்டு எழுந்தார். இருவரும் இடறிய இடம் ஒன்றே. படித்தவர் பக்கத்தின்மீது குறை கண்டார். படியாதவர் தம்மீதே குறை கண்டார். அவ்வளவுதான் வேற்றுமை. இந்த ஒரு செய்தியை அவள் அலுவலகக் கூட்டத்தில் படித்தபோது, அதுவரை நிறத்தைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்தவர்கள் அமைதியாயினர்.

அதன் பின்னரே வரைதல் தொடங்கியது. அதுவும் முதலில் காகிதத்தில். வெறுந்தாளில் பென்சிலால் கட்டங்கள் போட்டு, இது வகுப்பு, இது மொழி, இது கட்டணம், இது பார்த்துவிட்டு முடிவு செய்ய ஒரு பாடம் என்று முறைப்படுத்தினாள். காகிதத்தை அழிப்பது எளிது. கட்டி முடித்த தளத்தை அழிப்பது செலவு. காகிதத்தில் சரியான பிறகு 'ஃபிக்மா' என்னும் மென்பொருளில் அதைத் திரைக்கு ஏற்றாள். பாராட்டுகளும் முதலீட்டார் சின்னங்களும் பக்கத்தின் அடியில் சென்றன.

தமிழில் அமைப்பதற்கென்று தனிக் கவனம் வேண்டியிருந்தது. நம் எழுத்துகளில் மேலே விலங்கும் கீழே சுழியும் உள்ளமையால், ஆங்கிலத்துக்குப் போதுமான வரி இடைவெளி நமக்குப் போதாது. வரியோடு வரி உரசும். ஆங்கிலத்தில் நான்கெழுத்தில் அடங்கும் கட்டளை தமிழில் இரு சொல்லாகிப் பொத்தானுக்கு வெளியே வழியும். வெள்ளைப் பின்னணியில் வெளிர்சாம்பல் எழுத்து பெருநகர இளைஞர்க்கு அழகாயிருக்கலாம்; நாற்பதைக் கடந்த கண்ணுக்கு அது புலப்படாது. எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி விகிதம் 4.5-க்கு 1 என்ற அளவுக்குக் குறையக் கூடாது என்று உலக இணையக் கூட்டமைப்பு 2008-இல் வகுத்த நெறி கூறுகிறது. தங்கை அவ்வளவைக் கொண்டே ஒவ்வொரு வரியையும் சோதித்தாள். அலைவரிசை குன்றும் இடங்களில் பெரும் படங்கள் வந்து சேர நேரமாகும். அதனால் முகப்புப் படத்தையும் சுருக்கினாள். புதிய பக்கத்தை ரயிலில் வைத்தே திறந்து பார்த்தாளாம்.

இங்கே வாசகர்க்கு ஒன்றை நினைவூட்ட விரும்புகிறோம். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் இங்கு சுரங்கத் தொழிலை மேற்கொண்டதிலிருந்து நூற்றிருபது ஆண்டுகளாக நம்மவர் உழைத்த தங்கச் சுரங்கம் மூடப்பட்டது 2001 பிப்ரவரி 28-ஆம் நாள். அதே பிப்ரவரித் திங்கள் 17-ஆம் நாள்தான் தமிழ்நாட்டரசு, கல்வியாளர் வா. செ. குழந்தைசாமி அவர்களின் முயற்சியால், இணையத்தின் வழியே தமிழ் கற்பிக்கும் தமிழ் இணையப் பல்கலைக்கழகத்தைத் தொடங்கிற்று. இன்று அதன் பெயர் தமிழ் இணையக் கல்விக்கழகம். தாயகத்துக்கு வெளியே வாழும் தமிழ்ப் பிள்ளைகளை எண்ணியே அது எழுந்தது. அந்நாளில் ஒரு தமிழ்ப் பக்கத்தைப் படிக்க அதற்குரிய எழுத்துருவைத் தனியே இறக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. இல்லையேல் திரையில் பொருளற்ற குறிகளே தோன்றும். யூனிகோடு என்னும் பொதுக் குறியீடு பரவியபின் அத்தொல்லை நீங்கியது. கதவு ஒன்று அடைபட்ட திங்களில் கதவு ஒன்று திறந்தது. எனினும் அதைத் திறக்கத் தெரியாமல் நம்மில் பலர் வெளியே நின்றோம். கல்வி இருப்பது மட்டும் போதாது. அதன் வாயில் எல்லார்க்கும் தெரிய வேண்டும்.

இனித் தங்கை எதிர்கொண்ட கடினமான பகுதிக்கு வருவோம். கட்டணத்தை முகப்பில் எழுதுவதற்கு விற்பனைப் பிரிவினர் உடன்படவில்லை. "விலையைக் கண்டதும் போய்விடுவார்கள், எண்ணைக் கொடுத்தால் பேசி இணங்கச் செய்யலாம்" என்றனர். முதல் மாதம் இலவசம் என்று சேர்த்துக்கொண்டு, இரண்டாம் மாதம் முதல் தானாகப் பணம் பிடிப்பதும், நிறுத்தும் பொத்தானை ஐந்தாம் பக்கத்தில் வைப்பதும் அவர்கள் திட்டம். அந்தக் கடிகாரமோ வெறும் பொம்மை. பத்து நிமிடம் முடிந்தால் மறுபடியும் பத்திலிருந்து ஓடும்.

இத்தகைய வஞ்சனையை நம் இல்லமும் அறியும். பெயர் குறிப்பிட வேண்டாத ஒரு கம்பெனியில் நம் மகனுக்கு வாங்கிய பாடத்தை நிறுத்த நமக்கு மூன்று வாரம் ஆயிற்று. அதற்குள் மேலும் ஒரு மாதப் பணம் போய்விட்டது. நாம் நாள் முழுதும் கணினியின்முன் அமர்ந்திருப்பவர். நமக்கே இக்கதியெனில் லைன் வீட்டு அம்மையார்க்கு எப்படியிருக்கும்?

இம்மறைப்பு உத்திகளுக்கு 'டார்க் பேட்டர்ன்' என்று பெயர். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-ஆம் நாள் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், இவற்றில் 13 வகைகளை எடுத்துக் கூறித் தடை செய்கின்றன. இல்லாத அவசரத்தை உண்டாக்குதல், சேர எளிதாகவும் விலக அரிதாகவும் சந்தாவை அமைத்தல், கேளாத பொருளைக் கூடையில் சேர்த்தல், விலையைச் சிறிது சிறிதாக வெளிப்படுத்தல், வேண்டாம் என்பவரை நாணச் செய்தல் முதலியன அவற்றுள் அடங்கும். தங்கை இந்நெறிகளை அச்சிட்டு எடுத்துச் சென்று, கடிகாரத்தின் படத்தையும் சந்தாப் பக்கத்தையும் அதன் அருகே வைத்தாள். துணைக்கு நிற்க வேறொரு வடிவமைப்பாளர் இல்லை. வேலையில் சேர்ந்து மூன்று மாதங்கூட ஆகவில்லை. வேலை போய்விடுமோ என்ற அச்சத்துடன்தான் பேசினேன் என்று நம்மிடம் ஒப்புக்கொண்டாள்.

முழு வெற்றி கிட்டிற்று என்று எழுதினால் அது பொய்யாகும். கட்டணம் முகப்புக்கு வந்தது. நிறுத்தும் பொத்தான் சந்தாப் பக்கத்திலேயே, சேரும் பொத்தானின் அளவிலேயே வந்தது. கடிகாரம் மட்டும் இன்னும் போகவில்லை. அடுத்த காலாண்டில் பார்ப்போம் என்று தலைவர் கூறியிருக்கிறாராம். அவளும் விடுவதாயில்லை.

நம் பிள்ளைகள் இத்தொழிலுக்கு மிகவும் உகந்தவர் என்பது நம் எண்ணம். சிறு வயதிலேயே பாட்டிக்கு ரேஷன் விண்ணப்பம் எழுதியவர்கள் அவர்கள். அப்பாவின் வருங்கால வைப்புநிதித் தாளை நிரப்பியவர்கள். பலகை கன்னடத்திலும் படிவம் ஆங்கிலத்திலும் பேச்சு தமிழிலுமாக வளர்ந்த அவர்கள், ஒரு மனிதர் தாளின் எந்த இடத்தில் திகைத்து நிற்பார் என்பதை எந்தக் கல்லூரியும் கற்பிக்குமுன்னரே அறிந்தவர்கள். அதைக் குறைபாடாக எண்ணி மறைக்காமல் மூலதனமாகக் கொள்வார்களாக.

பெற்றோர்க்கும் சில சொற்கள். கட்டணத்தை எழுத்தில் காட்டாத தளத்தில் எண்ணைக் கொடாதீர்கள். பணம் கட்டுமுன், நிறுத்தும் வழி எங்கே உள்ளது என்று தேடிப் பாருங்கள். அது கிடைக்காவிடில் சேராதீர்கள். கார்டிலிருந்து தானாகப் பிடிக்கும் சந்தாவுக்கு, 24 மணி நேரமேனும் முன்னதாகச் செய்தி அனுப்ப வேண்டும் என்பது 2021 அக்டோபர் முதல் நடைமுறையிலுள்ள ரிசர்வ் வங்கி விதி. அச்செய்தியைப் படியாமல் அழித்துவிடாதீர்கள். ஏமாற்றப்பட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வழி தெரியாது நின்றபோது, எனக்குப் படிப்பில்லை என்று உங்களையே நொந்துகொள்ளாதீர்கள்.

புதிய பக்கம் உருவானபின் தங்கை அதே தாயாரிடம் அதே கேள்வியைக் கொடுத்து, முன்போலவே வாய் மூடி அமர்ந்தாள். தாயார் ஏழாம் வகுப்பை அழுத்தினார். தமிழை அழுத்தினார். கட்டணத்தைக் கண்டார். மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மீண்டும் ஒருமுறை படித்தார்.

"இவ்வளவு பணமா? நமக்கு வேண்டாமடி" என்றார்.

விற்பனைப் பிரிவினர் அஞ்சியது இதைத்தான். ஆயினும் அன்று அந்தத் தாயார் எவரையும் கேளாமல் தாமே படித்து, தாமே கணக்கிட்டு, தாமே முடிவு செய்தார். மகள் பெங்களூரில் செய்யும் உத்தியோகம் இன்னதென்று அவருக்கு இப்போது விளங்கியிருக்கும் என்று நம்புகிறோம்.